வின்டில் துரைக்கு வாரிசு இல்லையாம்

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஈரக் கோட்டுகளின் மணம். அதற்குப் பின்னால், பெரிய பாத்திரத்தில் கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன தேயிலையின் மணம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய தேவாலயம், அதை ஒட்டினாற்போல் இந்த மண்டபம். நாற்பது ஐம்பது பேர் மடியில் கோப்பையும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். கறுத்த தலை என்று பார்த்தால் நானும் அண்ணையும்தான், அதுவும் அண்ணையுடையது டை அடித்தது.

சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் வின்டில் என்ற குடும்பத்தின் வம்ச மரத்தை அழகாக வரைந்து வைத்திருந்தார்கள். மேலே தகப்பன், கீழே பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஒரு கோடு கீழே இறங்கியது. ஒரே ஒரு பெயரிலிருந்து மட்டும் எதுவும் இறங்கவில்லை. எட்மண்ட் வின்டில், வர்த்தகர், யாழ்ப்பாணத்தில் இறந்தார், மணமாகாதவர், வாரிசு இல்லை.

அந்த வாரிசு இல்லாதவருடைய பேத்தியின் பேத்தி நான். அவருடைய வம்ச மரத்துக்கு முன்னால் நின்று அவர்களுடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "பேசாமல் இரு பிள்ளை. கூட்டத்தில எழும்பிக் கிழும்பிப் போடாதை" என்றார். எழும்பலாமா என்று நானே இன்னும் யோசிக்கவில்லை. அவர் ஏன் அவ்வளவு முந்திக்கொண்டார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அண்ணையும் நானும்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் அண்ணை சிவநேசனைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் மொத்த வியாபாரம் செய்கிறார். கோயில் சபையில் இருக்கிறார். அபி என்று ஒரு மகள் இருக்கிறாள். என்னை லண்டனுக்கு எடுப்பித்தவர் அவர். என் புருஷன் இறந்தபோது என் வீட்டு வாசலில் வந்து நின்ற முதல் ஆள் அவர். நல்ல மனிதர் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப் போவதை வாசித்துவிட்டு யாரும் என்னிடம் வந்து அதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரு மினிகாப் ஒபிஸில் கொன்ட்ரோலராக இருந்தவள். காதில் ஹெட்செட், முன்னால் மூன்று போன், ஒரே நேரத்தில் பத்து ட்ரைவர்மாரோடு சண்டை. அந்த வேலையில் வாய் நீளாமல் இருந்தால்தான் அதிசயம். எங்கள் ஒபிஸ் இருந்த பக்கத்தில் வின்டில் றோட் என்று ஒரு தெரு உண்டு. "வின்டில் றோட்டில ஆள் நிக்குது, ஆர் கிட்ட?" என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். அது யாருடைய பெயர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அந்த மண்டபத்துக்கு வின்டில் மண்டபம் என்றுதான் பெயர். எட்மண்ட் வின்டிலுக்கு அவருடைய குடும்பம் வைத்த சலவைக்கல் ஒன்று தேவாலயச் சுவரில் இருந்து, எப்போதோ வெடித்து விழுந்து, நெடுங்காலமாக அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. யாரும் தேடவில்லை. ஊர் வரலாற்றுக் குழு என்று ஒன்று சேர்ந்து இப்போதுதான் கண்டுபிடித்து, அதற்குப் பதிலாகப் புதுக்கல் பொறிக்கப் போகிறார்கள். அன்றைய கூட்டம் அதற்குத்தான். கல்லில் என்ன எழுதுவது என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டி முடிவெடுப்பது. கேள்விப்பட்டதும் நானும் வருவேன் என்று அண்ணையின் காரில் ஏறிவிட்டேன். புதுக்கல்லுக்குக் காசு கொடுத்தவர்களில் அண்ணையும் ஒருவர் என்று வரும் வழியில்தான் சொன்னார். துரை யாழ்ப்பாணத்தில் இருந்தவராம், யாழ்ப்பாணத்து ஆட்களும் ஏதாவது செய்ய வேண்டுமாம். எனக்கு மனம் குளிர்ந்தது. அம்மாவுக்காகச் செய்கிறார் என்று நினைத்தேன்.

கப்பலேறி வந்த துரை

குழுத் தலைவர் ரொஜர் எழுந்து துரையின் வாழ்க்கையைச் சொன்னார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், மென்மையான குரல். அவர் பேசியது ஆங்கிலத்தில். எனக்குக் கோபம் வருவது தமிழில், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

எட்மண்ட் வின்டிலின் தகப்பன் இந்தப் பகுதியில் மெழுகுதிரி செய்து விற்றவர். கடை மூத்த மகனுக்குப் போனது. இரண்டாமவன் பாதிரி ஆனான். மூன்றாமவன் எட்மண்டுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவன் அந்தக் காலத்தில் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்தால் துரை. நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்திறங்கினால் அகதி. இதை ரொஜர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தாராம். பிறகு யாழ்ப்பாணம் வந்து, கடற்கரையோரம் சொந்தமாகப் பண்டசாலை போட்டாராம். கூரைக்குப் போடும் பனைமரச் சிலாகை, சங்கு, தேங்காய் எல்லாம் வாங்கி ஏற்றினாராம். பளைப் பக்கம் ஒரு பெரிய தென்னந்தோட்டமும் இருந்ததாம். "தனிமையான வாழ்க்கை" என்றார் ரொஜர். "அந்நிய மண்ணில், உறவென்று ஒருவருமில்லாமல், காய்ச்சலில் இறந்தார்." முன் வரிசையில் ஒரு பெண் உச்சுக்கொட்டினார்.

எனக்கு உச்சி கொதித்தது. தனிமையாம்.

பாண் வைத்த இலை

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை பெரிய விரதம். தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம், அன்றைக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் சமையல் இல்லை. கைப்பென்றால் அப்படி ஒரு கைப்பு. லண்டனிலும் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் மட்டும் தமிழ்க் கடைகளில் தலை காட்டும், தங்கத்தின் விலை சொல்வார்கள், வாங்கியே தீருவோம்.

எல்லா வீட்டிலும் இலை போட்டுப் படைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பக்கத்தில் இன்னொரு சின்ன இலை போடுவார்கள். அதில் சோறில்லை, காத்தோட்டிக்காய் இல்லை. ஒரு துண்டுப் பாண், கொஞ்சம் வெண்ணெய், சீனி போடாத தேத்தண்ணி ஒரு கோப்பை. அவ்வளவுதான். ஆருக்கு என்று சின்ன வயதில் கேட்டேன். "அது கேக்கிற விசயமில்லை" என்று அம்மா சொன்னா. அண்ணையும் கேட்டிருக்கிறார், அவருக்கும் அதே பதில். கேளாமலே பழகிவிட்டோம். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த வருஷம்கூட அம்மா எங்கிருந்தோ அரைத் துண்டுப் பாண் தேடி எடுத்து வைத்தா.

மிச்சத்து ப்ளாட்டில் கடைசிக் காலத்தில்தான் அம்மா வாய் திறந்தா. அண்ணையும் நானும் குசினியில் இருந்தோம். காத்தோட்டிக்காயின் விதையை விரலால் வழித்தபடி, சந்தைக்குப் போன கதை சொல்வதுபோலச் சொன்னா.

"அது வின்டில் துரைக்கு. என்ர பூட்டி வள்ளிப்பிள்ளை அவரோடதான் இருந்தவ. மூண்டு பிள்ளையள். பொன்னம்மா, கதிரவேலு, தங்கம். பொன்னம்மா என்ர அம்மம்மா. தகப்பன் காத்தோட்டிக்காய் வாயிலயும் வைக்கமாட்டாராம், அதால பொன்னம்மா பாண் வைச்சவ. பிறகு அம்மா வைச்சா. இப்ப நான் வைக்கிறன்."

"கலியாணம் கட்டினவரோ?" என்று நான் கேட்டேன்.

"ஆர் கட்டுறது? தேங்காய் உரிக்க வந்த மனுசியின்ர மகளை."

வள்ளிப்பிள்ளை விரும்பிப் போனாளா, வேறு வழியில்லாமல் போனாளா, அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே நான் இங்கே காதல் கதை சொல்ல வரவில்லை. வெள்ளைக்கார இரத்தம் ஓடுகிறது என்று நெஞ்சை நிமிர்த்தவும் வரவில்லை, அந்தப் பெருமை எனக்குக் கால் தூசி. நடந்தது இதுதான். துரைக்குக் காய்ச்சல் கண்டபோது வாந்தி அள்ளியது அவள். வாயில் கஞ்சி வைத்தது அவள். துரை கண்ணை மூடியதும் லண்டனிலிருந்து தமையனின் மகன் ஒருவன் கப்பலில் வந்து தோட்டத்தையும் பண்டசாலையையும் வீட்டையும் விற்றான். வள்ளிப்பிள்ளை மூன்று பிள்ளைகளோடு வெளியே நின்றாள். அவளுடைய தம்பி கூட்டிக்கொண்டு போய்த் தன் பிள்ளைகள் என்று சொல்லி வளர்த்தான். விற்ற காசோடு திரும்பி வந்தவன் சிறிய தகப்பனின் நினைவாக ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினான்.

அந்த மண்டபத்தில்தான் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

எழும்பினேன்

ரொஜர் கல்லில் எழுதப் போவதை வாசித்தார். பழைய கல்லில் இருந்த வரிகளேதான். மணமாகாதவர், வாரிசு இன்றி மறைந்தார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று வழக்கத்துக்குக் கேட்டார். வழக்கத்துக்குக் கேட்டதென்று எனக்கும் தெரியும். அண்ணை மறுபடி கையைப் பிடிப்பதற்குள் நான் எழும்பிவிட்டேன்.

நிதானமாகத்தான் தொடங்கினேன். அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது, அவள் பெயர் வள்ளிப்பிள்ளை, மூன்று பிள்ளைகள், அதில் ஒருத்தியின் வழியில் வந்தவள் நான் என்று சொன்னேன். கல்லில் அவளுடைய பெயரையும் போடுங்கள், அது முடியாவிட்டால் வாரிசு இல்லை என்ற பொய்யையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவருக்கு வருஷா வருஷம் நாங்கள் இலை போட்டதையும் சொன்னேன்.

"மிக அருமையான வழக்கம்" என்றார் ரொஜர். "ஆனால் எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா?"

"ஆர் எழுதுவார்கள்?" என்று கேட்டேன். "அவரோ? தோட்டத்தை விற்ற அவருடைய பெறாமகனோ? ஒவ்வொரு சிலாகையையும் ஒவ்வொரு தேங்காயையும் எழுதினவர்கள் ஒரு மனுசியை எழுதவில்லை. அது எங்கள் பிழையா? உங்கள் ஆட்கள் வைத்த கல்லே கதிரைகளுக்குப் பின்னால் கிடந்தது. நாங்கள் ஒரு வருஷம் தவறவிடவில்லை. செல் குண்டு விழுந்த வருஷமும் தவறவில்லை."

ரொஜர் சங்கடப்பட்டார், கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"திரு. சிவநேசன், நாங்கள் போன வருஷமே உங்களிடம் கேட்டோமே. யாழ்ப்பாணத்தில் அவருக்கு யாராவது இருந்திருக்கலாமா என்று. நீங்கள் ஊரில் விசாரித்து, அப்படி ஒருவரும் இல்லை என்று உறுதியாகச் சொன்னீர்கள். இப்போது உங்கள் சகோதரி வேறு மாதிரிச் சொல்கிறார். எது சரி?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"என் தங்கச்சிக்குக் கற்பனை கொஞ்சம் கூட" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "சின்ன வயதிலிருந்தே நல்ல கதை சொல்லுவா. நீங்கள் எழுதியபடியே போடுங்கள்."

சிலர் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. அவர் இருந்துவிட்டார். நானும் இருந்தேன்.

காருக்குள்

காருக்குள் கண்ணாடியெல்லாம் நீராவிப் புகார் மூடியிருந்தது. அண்ணை எஞ்சினைப் போட்டுவிட்டு ஓட்டாமல் இருந்தார்.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன். "அம்மா உங்களுக்கும் எனக்கும் ஒண்டாத்தானே சொன்னவ."

"அபியின்ர கலியாணம் வருகுது. மாப்பிள்ளை பகுதி நல்ல இடம். தேங்காய் உரிச்சவளை துரை வைச்சிருந்தவன், அதில வந்த குடும்பம் எண்டு ஆராவது கதை கட்டினால்?"

"கதை கட்ட என்ன கிடக்கு, அது உண்மை."

"உண்மையை வைச்சு என்ன செய்யிறது பிள்ளை? ஊரில எங்களை ஆரெண்டு கேப்பினம், தெரியாதே உனக்கு?"

அவருக்கே அது போதவில்லை போலிருக்கிறது, மறுபடி தொடங்கினார்.

"நான் வந்த புதிசில உந்த றோட்டில என்னிலை துப்பினவங்கள். இப்ப முன் வரிசையில கதிரை போட்டு மிஸ்டர் சிவநேசன் எண்டு கூப்பிடுறாங்கள். அங்க போய் நான் வைப்பாட்டியின்ர வம்சம் எண்டு சொல்லச் சொல்லுறியோ? என்னால ஏலாது."

அவருடைய குரல் உடைந்ததைக் கேட்டேன். பாவமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் வள்ளிப்பிள்ளையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது அந்தக் காலம். இந்தக் காலத்தில் கதவைச் சாத்தியது அவளுடைய சொந்தப் பிள்ளை. அதுவும் யாரும் வற்புறுத்தாமல், தானாகவே.

"அவ வைப்பாட்டியில்லை அண்ணை. அவவுக்குப் பேர் வள்ளிப்பிள்ளை" என்றேன். கதவைத் திறந்து இறங்கி, மழையில் பஸ் ஸ்டொப்புக்கு நடந்தேன். அவர் கூப்பிடவில்லை.

கல்

போன மாதம் கல்லை வைத்தார்கள். விழாவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வெறும் நாளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். தேவாலயத்துக்குள் குளிர். பூச்சாடி ஒன்று கீழே இருந்தது. வெள்ளைச் சலவைக்கல், கறுத்த எழுத்து, நல்ல வேலைப்பாடு. துரையின் பெயர், யாழ்ப்பாணம், மணமாகாதவர், வாரிசு இன்றி மறைந்தார்.

அதற்கு நேர் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், கடைசி வரி. இக்கல்லைப் புதுப்பிக்க உதவியவர் எஸ். சிவநேசன், மிச்சம்.

எங்கள் கோயில்களில் மணியைத் தட்டினாலும் உபயகாரர் பெயர், ட்யூப் லைட்டைப் போட்டாலும் வெளிச்சத்துக்குக் குறுக்கே உபயகாரர் பெயர். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறார். இங்கே அப்படி வழக்கமில்லை, கேட்டதும் அவர்களும் மறுக்கவில்லை. தான் என்ன செய்திருக்கிறார் என்று அண்ணைக்கு இன்றுவரை தெரியாது. தேவாலயத்துக்குள் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். கூட்டிக்கொண்டிருந்த பெண் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அபியின் போன்

இதையெல்லாம் இந்தத் தொடரில் எழுதப் போகிறேன் என்று அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன். "மாப்பிள்ளை வீட்டார் வாரா வாரம் உந்தப் பத்திரிகை வாசிக்கிறவை. எழுதினால் கலியாண வீட்டுப் பக்கம் வரவேண்டாம்" என்று பதில் வந்தது.

என் கோபத்துக்காக ஒரு பிள்ளையின் வாழ்வில் மண் போட எனக்கு உரிமை இல்லை. ஆகவே அபியைப் போனில் கூப்பிட்டு, பலகையிலிருந்து கல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். நீ வேண்டாம் என்றால் கிழித்துப் போடுகிறேன் என்றும் சொன்னேன்.

"மாமி, நான் கட்டப்போறவருக்கு எப்பவோ தெரியும்" என்றாள். "அப்பம்மா செத்த வீட்டில நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். நான் செக்கண்ட் டேற்றிலேயே அவருக்குச் சொல்லிட்டன். அவர் போய்த் தன்ர அம்மாட்டச் சொல்லி, அந்த அன்ரி சிரிச்சவவாம். அவையின்ர பரம்பரையிலயும் ஒரு ஒல்லாந்துத் துரை இருக்கிறானாம்."

"அப்பாக்கு ஏன் நீ சொல்லேல்லை?"

"அப்பா என்னட்ட ஒருநாளும் கேக்கேல்லையே மாமி."

அவளே முடித்தாள். "ப்ளீஸ், எழுதுங்கோ. அவவின்ர பேரைச் சரியாப் போடுங்கோ."

போடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எட்மண்ட் வின்டிலோடு குடும்பம் நடத்தி, அவருக்குப் பிள்ளைகள் பெற்று, அவரைப் பராமரித்து, அவருடைய ஆட்களால் வெளியே தள்ளப்பட்டவளின் பெயர் வள்ளிப்பிள்ளை. பிள்ளைகள் பொன்னம்மா, கதிரவேலு, தங்கம். பொன்னம்மாவின் பேத்தி என் அம்மா. அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள், நான் இளையவள். மூத்தவரின் பெயர் சிவநேசன். வால்தம்ஸ்டோ பக்கம் போகிறவர்கள் தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள், வாரிசு இல்லை என்ற வரிக்கு நேர் கீழே அவருடைய பெயர் இருக்கிறது.